இரண்டு வீட்டுக்கு ஒரே லைன்

வடக்கனந்தலில் ஜெயசுதாவின் கோபத்தைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரு கதை வைத்திருப்பார்கள். ரேஷன் கடையில் பச்சரிசி தீர்ந்துவிட்டது என்று சொன்னவனை உள்ளே போய் மூட்டையைப் பிரித்துக் காட்ட வைத்தது ஒன்று. ஆல்பத்தில் கல்யாணப் பெண்ணைக் கொஞ்சம் வெள்ளையாக்கிக் கொடுங்கள் என்று கேட்ட மாப்பிள்ளை வீட்டாரிடம், "அப்ப வேற பொண்ணு போட்டோ எடுத்துக்கினு வாங்க, ஒட்டித் தர்றேன்" என்று சொல்லி அனுப்பியது இன்னொன்று. அவள் வாயில் விழக்கூடாது என்று ஒதுங்கிப் போகிறவர்களும், தங்களுக்கு ஒரு வம்பு வந்தால் அவளைத்தான் முதலில் கூட்டிக்கொண்டு போவார்கள். ஊர் அப்படித்தான்.

ஆனால் அதெல்லாம் வந்த வேகத்தில் அடங்கிவிடுகிற கோபம். நான் சொல்ல வந்தது அடங்காத ஒன்றை. அது ஒரு டெலிபோன் ஒயரில் ஆரம்பித்தது.

ஜெயசுதா பிறந்தது தியாகதுருகத்தில். அப்பா கரும்பு லோடு ஏற்றப் போகிறவர், அம்மா களை எடுக்கப் போகிறவள். பன்னிரண்டாவது முடித்ததும் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் போட்டோ வெட்டிக் கவரில் போடும் வேலைக்குப் போனாள். முதலாளி மதியம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற நேரத்தில் கம்ப்யூட்டரைத் திறந்து, யாரும் சொல்லித் தராமல், தப்புத் தப்பாகச் செய்து செய்தே படம் திருத்தக் கற்றுக்கொண்டாள். பிறகு முதலாளி மத்தியானம் மட்டுமில்லை, காலையிலும் தூங்க ஆரம்பித்தான். வேலை முழுக்க அவள் தலையில் விழுந்தது.

கல்யாணமாகி வடக்கனந்தல் வந்தாள். புருஷன் கவியரசன் வெள்ளிமலைக்கு ஷேர் ஜீப் ஓட்டுகிறவன். நல்லவன், அதட்டிப் பேச மாட்டான். அதட்ட வேண்டிய இடத்திலும் பேச மாட்டான் என்பது அவளுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

மாமனார் ராமசாமி கரும்பு வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்தவர். நாளைக்கு எந்தக் கரும்புக் காட்டில் வெட்டு என்று சர்க்கரை ஆலையிலிருந்து சொல்வதற்காக வீட்டுக்குப் போன் வாங்கினார். தெருவுக்கே அந்த ஒரு போன்தான். அவர் காலமான பிறகு அண்ணன் வெற்றிவேலும் தம்பி கவியரசனும் பாகம் பிரித்தார்கள். வீட்டுக்கு நடுவே சுவர் எழுந்தது. பாத்திரம் பிரிந்தது, மாடு பிரிந்தது. போனை மட்டும் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. அப்பா வாங்கிய போன், மணி அடித்தால் இரண்டு வீட்டிலும் அடிக்க வேண்டும் என்று நாலு பெரிய மனிதர்கள் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். அதன்படி கம்பத்திலிருந்து வந்த ஒயர் முதலில் அண்ணன் வீட்டுக்குப் போனது. அங்கே ஒரு போன். அதிலிருந்து கிளை பிரித்து, நடுச்சுவரில் ஓட்டை போட்டு, தம்பி வீட்டுக்கு இன்னொரு போன்.

கைக்குக் கை செல்போன் வந்த பிறகு அந்த மணி எந்த வீட்டிலும் அடிக்கவில்லை. தம்பி வீட்டுப் போன் கீழே விழுந்து உடைந்தது. அது இருந்த இடத்தில் ஜெயசுதா மோடத்தை வைத்து, அதே லைனில் நெட் வாங்கினாள். மாதாமாதம் பில் கட்டுகிறவளும் அவள்தான். அண்ணன் வீட்டுப் போன் மட்டும் ராமசாமியின் படத்துக்குக் கீழே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது. ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனம் குங்குமம் உண்டு.

சென்னையில் ஒரு கம்பெனி, ஊர் ஊராகக் கல்யாண ஆல்பம் செய்து கொடுக்கிற கம்பெனி, படங்களை நெட்டில் அனுப்பிவைக்கும். ஜெயசுதா அவற்றை அடுக்கி, திருத்தி, பக்கம் பக்கமாக ஆல்பமாக்கித் திருப்பி அனுப்ப வேண்டும். அங்கே வேலை பிரித்துக் கொடுப்பவள் தேவிப்ரியா என்ற பெண். முகம் பார்த்ததில்லை, குரல்தான் பழக்கம். ஜெயசுதாவின் கைவேலை அவளுக்குப் பிடித்துப்போனது.

படத்தில் நிறம் சரியாகத் தெரிய வேண்டுமென்றால் அறைக்குள் வெயில் வரக்கூடாது. அதற்காக ஜெயசுதா பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொள்வாள். சந்தேகம் கேட்டுத் தேவிப்ரியாவுடன் செல்போனில் பேசுவாள், சில நேரம் சிரிப்பாள். இது போதாதா அண்ணன்காரனுக்கு. ஒரு காதுகுத்து விசேஷத்தில், பந்தியில், உறவெல்லாம் உட்கார்ந்திருக்க, வெற்றிவேல் வாயைத் திறந்தான்.

"எங்க வூட்டு அந்தாண்ட ஒருத்தி பகல்லயே கதவ சாத்திக்கினு நெட்டுல எவன்கூடவோ பேசிக்கினு கெடக்குறா. கேக்க ஆளில்ல."

சாப்பிட்ட கைகள் நின்றன. ஜெயசுதா திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். கவியரசன் இலையில் இருந்த அப்பளத்தை நொறுக்கிச் சோற்றோடு பிசைந்துகொண்டிருந்தான். அவள் பாதி இலையில் எழுந்து வந்துவிட்டாள். அன்றிலிருந்து அண்ணன் வீட்டு வாசற்படியை மிதிக்கவில்லை. வெற்றிவேல் சொன்னதைவிட அந்த அப்பளம் நொறுங்கிய சத்தம்தான் அவளுக்கு அதிகம் எரிந்தது.

அதற்குப் பிறகுதான் லைன் படுத்த ஆரம்பித்தது. படங்கள் வருவது பரவாயில்லாமல் வரும். அனுப்புவதுதான் ஆகாது. ஆல்பத்தை ஏற்றிவிட்டு உட்கார்ந்தால் கொஞ்சம் ஓடும், அப்புறம் எருமை சேற்றில் படுத்த மாதிரி படுத்துக்கொள்ளும். சில சமயம் மோடத்தின் பச்சை விளக்கே அணைந்துவிடும், முதலிலிருந்து ஏற்ற வேண்டும்.

"மலைப்பாத மாதிரிதான். எறங்குறப்ப ஜீப்பு பறக்கும், ஏர்றப்ப முக்கும்" என்றான் கவியரசன்.

"உங்க ஜீப்பாவது போய்ச் சேருது" என்றாள் அவள்.

செல்போன் நெட்டைப் போட்டுப் பார்த்தாள். அந்தத் தெருவில் வீட்டுக்குள் ஒரு கோடுதான் சிக்னல், பாதியிலேயே அன்றைய டேட்டா அளவும் தீர்ந்துபோனது. பைபர் கேபிள் நெட் மெயின்ரோடு வரைக்கும் வந்து நின்றுவிட்டது, உங்கள் தெருவுக்கு வரும், வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கள்ளக்குறிச்சிக்குப் பென்டிரைவை எடுத்துப் போய் அங்கிருந்து அனுப்பலாம் என்றால், பெண்களின் படம், வெளிக் கம்ப்யூட்டரில் போடக்கூடாது என்பது கம்பெனியின் கண்டிப்பு. அது நியாயமான கண்டிப்பு என்பதால் அதன்மேல் கோபப்படவும் முடியவில்லை.

புது மோடம் வாங்கினாள். வைபையை நிறுத்திவிட்டுக் கம்ப்யூட்டருக்கு நேராக ஒயர் இழுத்தாள். ஒருநாள் மோடத்துக்குள் போய் யார் யார் லைனைத் தின்கிறார்கள் என்று பார்த்தால், கவியரசனின் செல்போன். அவன் எடுக்கும் படமெல்லாம் தானாகவே எங்கேயோ மேலே ஏறிச் சேர்ந்துகொண்டிருந்தது. அத்தனையும் மலைப்பாதையில் பனி, மலைப்பாதையில் குரங்கு, பயணிகள் ஏற்றிவந்த ஆட்டுக்குட்டி.

சாதாரண நாளில் அவள் புருஷனை "இன்னாங்க" என்பாள். அன்று "யோவ்" என்றாள்.

"யோவ், இந்தக் கொரங்குக்கு எதுக்குய்யா என் லைனு?"

அதை நிறுத்தியதில் கொஞ்சம் பரவாயில்லை. ஆனாலும் பகலில் அவள் உட்கார்ந்தால் லைன் படுப்பது மட்டும் நிற்கவில்லை. இரண்டு ஆல்பம் தாமதமானது. மூன்றாவது ஆல்பத்தை அனுப்ப வேண்டிய நாளன்று காலையில் தேவிப்ரியா கூப்பிட்டாள்.

"சுதாக்கா, இன்னிக்கி சாயந்தரத்துக்குள்ள வந்தாகணும். பிரஸ்ஸுல எடம் புடிச்சி வெச்சிருக்கேன். இதுவும் லேட்டுன்னா, பைபர் இருக்கிறவங்களுக்கே குடுத்துடுன்னு மேல சொல்லிட்டாங்க. என்னால ஒண்ணும் பண்ண முடியாதுக்கா."

ஜெயசுதா போனை வைத்தாள். வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம், அது அவளுக்குப் பெரிதில்லை. ஆனால் அந்த அறையின் கதவு திடீரென்று பகலில் திறந்து கிடந்தால், கம்ப்யூட்டர்மேல் துணி போர்த்திக் கிடந்தால், ஊர் அதற்கு ஒரு காரணம் வைத்துக்கொள்ளும். காதுகுத்துப் பந்தியில் சொன்ன காரணம்தான் அது. மாட்டிக்கொண்டாள், நிறுத்திவிட்டார்கள் என்பார்கள். செத்தாலும் அந்தப் பேச்சு போகாது.

புடவையை உதறிக் கட்டிக்கொண்டு டெலிபோன் ஆபீசுக்குப் போனாள். கம்ப்ளெயின்ட் எழுதியிருக்கிறது, ஆள் வருவான் என்றார்கள். எத்தனை மாதமாக வருவான் என்று கேட்டாள். கேட்ட சத்தத்தில் உள் ரூமிலிருந்தும் எட்டிப் பார்த்தார்கள். லைன்மேன் இளஞ்செழியன் அப்போதுதான் டீ குடித்துவிட்டு உள்ளே வந்தான். அவனை அப்படியே, அவன் பைக்கில், பின்னால் உட்கார்ந்து கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

இளஞ்செழியன் ஏணி போட்டுக் கம்பத்தில் ஏறினான். கொண்டுவந்த மோடத்தை அங்கேயே மாட்டிப் பார்த்தான்.

"இங்க சூப்பரா கீதுக்கா. ஏத்துறது எறக்குறது ரெண்டுமே நல்லா கீது. எங்க பக்கம் ஒண்ணுமில்ல."

"அப்ப எங்க பக்கம் இன்னா?"

"ஆல்பத்த ஏத்திவுட்டுட்டு வாங்க. நா இங்கருந்தே லைன பாக்குறேன்."

அவள் உள்ளே போய், வழக்கம்போலக் கதவைச் சாத்தி, ஆல்பத்தை ஏற்றிவிட்டாள். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து கம்பத்தடியில் நின்றாள். இளஞ்செழியன் கையடக்கமான ஒரு போனைக் கிளிப் போட்டு லைனில் மாட்டிக் காதில் வைத்திருந்தான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அவன் புருவம் சுருங்கியது.

"அக்கா, இந்த லைன்ல இன்னொரு போன் கீதா?"

"கீது. எங்க வூட்டுக்காரரு அண்ணன் வூட்டுல. அது அடிச்சே வருசக்கணக்காவுது."

"இப்ப யாரோ அத எடுத்துட்டாங்க. பேச்சு இல்ல. படுக் படுக்னு ஏதோ ஒடிக்கிற சத்தம் கேக்குது. மல்லாட்ட உரிக்கிற மாதிரி." கிளிப்பைக் கழற்றிக்கொண்டே, "நெட்டயும் பேச்சயும் பிரிக்கிற பில்ட்டர் அந்தப் போனுக்கு இல்லக்கா. அத தூக்குனாவே உங்க நெட்டு படுத்துடும். வர்றதவிட போறதுதான் ஜாஸ்தி அடிவாங்கும்" என்றான்.

ஜெயசுதா மாதக்கணக்கில் மிதிக்காத வாசற்படியை ஒரே எட்டில் தாண்டி உள்ளே போனாள்.

வெற்றிவேலின் பெண்டாட்டி நிர்மலா மாமனார் படத்துக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் முறம், முறத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை. கழுத்தைச் சாய்த்து, தோளுக்கும் காதுக்கும் நடுவே ரிசீவரை இடுக்கியிருந்தாள். சில மாதமாகவே அவளுக்குக் கழுத்துவலி என்று தைல வாசனை சுவர் தாண்டி வந்துகொண்டிருந்தது. அது எதனால் என்று ஜெயசுதாவுக்கு இப்போதுதான் விளங்கியது.

"இன்னாக்கா பண்றீங்க?"

நிர்மலா துள்ளி எழுந்தாள். மல்லாட்டை தரையெல்லாம் சிதறியது.

"ஒண்ணுமில்ல சுதா. சும்மா, போன் வேல செய்யுதான்னு."

"எத்தினி நாளா வேல செய்யுதான்னு பாக்குறீங்க?"

நிர்மலா தரையைப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாதவள், அதுவும் ஜெயசுதா முன்னால் வராது.

"அவருதான் சொன்னாரு. நீ கதவ சாத்துற சத்தம் கேட்டா எடுத்துக் காதுல வெச்சிக்கன்னு. யார்கூடப் பேசுறேன்னு தெரியணும்னாரு."

"தெரிஞ்சிச்சா?"

"பேச்சே கேக்கல சுதா. புஸ்ஸுனு ஒரே எரைச்சல். அவர்கிட்ட சொன்னேன். அதுதான் நெட்டுல பேசுற மொற, அடுத்தவங்களுக்கு வெளங்காத மாதிரி பேசுவாங்க, வுடாம கேளு, ஒருநாளு பேரு வெளிய வரும்னாரு."

வேறொரு நாளாக இருந்தால் ஜெயசுதா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இத்தனை நாளும் எக்ஸ்சேஞ்சைத் திட்டினாள், மோடத்தைத் திட்டினாள், மழையைத் திட்டினாள், புருஷனின் குரங்கைத் திட்டினாள். இவர்கள் காதை வைத்து அவள் வேலையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வெற்றிவேல் சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வந்தான். அப்பாவுக்குப் பிறகு அவன்தான் மேஸ்திரி. கம்பத்தில் ஏணியைப் பார்த்து வந்த அக்கம்பக்கத்துச் சனம் வாசலில் நின்றது. இளஞ்செழியனும் இறங்கி வந்து நின்றான்.

"யார கேட்டு என் வூட்டுக்குள்ள வந்த?"

"இவ்ளோ நாளா யார கேட்டு என் வூட்டுக்குள்ள வந்தீங்க மாமா? காத உள்ள வுட்டாலும் ஆளு வந்த மாதிரிதான்."

வெற்றிவேல் பெண்டாட்டியை முறைத்தான். ஜெயசுதா ரிசீவரை அவன்முன் நீட்டினாள்.

"கேளுங்க. அந்தாண்ட கம்ப்யூட்டர்ல வேல ஓடிக்கினு கீது. பந்தியில உக்காந்து சொன்னீங்க இல்ல, எவன்கூடவோ பேசுறான்னு? அவன் பேரு இன்னான்னு கேட்டு, இந்தச் சனத்துக்கு முன்னால சொல்லுங்க."

அவன் வாங்கவில்லை. அவள் கையை இறக்கவில்லை. வாசலில் யாரோ இருமினார்கள். வாங்காமல் நின்றால் பயந்த மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தானோ என்னவோ, பிடுங்கிக் காதில் வைத்தான். தெருவே அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் காதை மாற்றி வைத்துப் பார்த்தான். கண்ணை மூடிக்கூடப் பார்த்தான்.

"இன்னா கேக்குது மாமா?"

ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமலே சொன்னான். "எரைச்சல்."

"நெட்டு அப்படித்தாங்க கேக்கும். அதுல ஒரு பேச்சும் கேக்காதுங்க" என்றான் இளஞ்செழியன்.

"அது யாரோ பெத்த பொண்ணோட கல்யாணப் படம் மாமா" என்றாள் ஜெயசுதா. "இன்னிக்கிப் போய்ச் சேரலன்னா என் வேல போவுது. நீங்க அத காதுல வெச்சிக்கினு கீற வரைக்கும் அது போவாது. எத்தினி வருசம் கேட்டாலும் ஆம்பள கொரலு வராது. வையிங்க கீழ."

வெற்றிவேல் ரிசீவரை ஓங்கி வைத்தான். முகம் கறுத்துவிட்டது. மன்னிப்பு என்கிற வார்த்தை அவன் தொண்டைக்கு வராது, அதனால் வேறொன்று வந்தது.

"இது எங்கப்பா வாங்குன லைனு. இந்தப் போன் இங்கதான் இருக்கும். எவளுக்காவும் எங்கப்பா ஒயர அறுக்க வுடமாட்டேன். நாலு பேரு பேசி வெச்ச ஏற்பாடு இது."

ஜெயசுதா வாயைத் திறந்தாள். அவள் சொல்வதற்குள் நிர்மலா குனிந்தாள். ஸ்டூலுக்குப் பின்னால் கையை விட்டு, சுவர்ப் பெட்டியிலிருந்து அந்தப் போனின் ஒயரை வெடுக்கென்று பிடுங்கினாள். அறுக்கவில்லை, பிடுங்கினாள். போனைத் தூக்கி மாமனார் படத்துக்கு முன்னால், விளக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒயர் நுனியைப் புருஷன் கையில் கொடுத்தாள்.

"உங்கப்பா போன் இங்கதான் கீது. யாரும் எடுத்துக்கினு போவல" என்றாள். கழுத்தைப் பிடித்துக்கொண்டே பேசினாள். "இனிமே யாரு இன்னா பேசுறாங்கன்னு தெரியணும்னா நீங்களே போய் அவங்க மூஞ்சப் பாத்துக் கேளுங்க. என் காத வுட்டுடுங்க. நாலு மாசமா ராவுல தல சாய்க்க முடியல எனக்கு."

பிறகு உட்கார்ந்து மல்லாட்டையைப் பொறுக்க ஆரம்பித்தாள். ஜெயசுதா திட்டுவதற்கு வைத்திருந்ததில் பாதி நிர்மலாவுக்குரியது. அதைச் சொல்லாமல் வெளியே வந்தாள்.

இளஞ்செழியன் அவள் வீட்டு லைனில் ஒரு பழைய ஜாயின்ட்டையும் வெட்டிப் புதிதாக முறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனான். ஆல்பம் ஏறியது. படுக்காமல், அணையாமல், பக்கம் பக்கமாக ஏறியது. வெயில் சாயும் முன்பே தேவிப்ரியா கூப்பிட்டுவிட்டாள். "வந்துடுச்சிக்கா. இன்னாக்கா, பைபர் போட்டுட்டீங்களா?"

"இல்ல. ஒரு போன புடுங்குனோம்" என்றாள் ஜெயசுதா.

சாயந்தரம் கவியரசன் ஜீப்பை நிறுத்திவிட்டு வந்தான். கதை அவனுக்குக் கச்சிராயபாளையம் டீக்கடையிலேயே வந்து சேர்ந்திருந்தது. கைகால் கழுவிக்கொண்டு தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தான். அவள் தோசைக் கரண்டியோடு அடுப்படியிலேயே நின்றாள்.

"லைன் சரியாயிடுச்சாமே" என்றான்.

"லைன் சரியாயிடுச்சி. பந்தியில உங்கண்ணன் சொன்னாரே, அது அப்படியே கீது. இன்னிக்கி அத்தன பேரு முன்னால நா கேட்டேன். நிர்மலாக்கா கேட்டுச்சி. லைன்மேன்கூட ஒரு வார்த்த பேசுனான். நீ இன்னும் பேசல."

கவியரசன் காலித் தட்டைப் பார்த்தான்.

"தோச சுட்டு வெக்கிறேன். நீ போய் ஒரு வார்த்த கேட்டுட்டு வந்து உக்காரு. கேக்கலன்னா உக்காராத."

அவன் எழுந்தான். சட்டையைப் போட்டான், கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டு வெளியே போனான். அண்ணன் வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

நடுச்சுவரில் ஒயருக்குப் போட்ட ஓட்டை ஒயரைவிடப் பெரியது. அந்தப் பக்கம் பேசினால் இந்தப் பக்கம் கேட்கும். "அண்ணே" என்று கவியரசன் ஆரம்பிப்பது அதன் வழியாக வந்தது. அவன் குரலில் அப்படியொரு கனத்தை அவள் இதுவரை கேட்டதில்லை.

ஜெயசுதா அந்த ஓட்டைப் பக்கம் போகவில்லை. சட்னிக்குத் தேங்காய் போட்டு, மிக்சியை ஓடவிட்டாள்.